கிழங்குக்காக மலரும் வயல்கள்

ஹார்லெம், லெய்டன் என்னும் இரண்டு பழைய நகரங்களுக்கு இடையே முப்பது கிலோமீட்டர்த் தொலைவுகூட இல்லை. ரயிலில் ஏறியவர் செய்தித்தாளைப் பிரித்துத் தலைப்புகளைப் படித்து முடிப்பதற்குள் இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக் கடைசி வாரத்தில், அந்த இருபது நிமிட வழியைக் கடக்க நான் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டேன். ஒரு வாடகை மிதிவண்டியும், கொஞ்சம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், அவசரமில்லாத மனமும் துணையாக இருந்தன. அந்தப் பகலில் கண்டவற்றையும், கண்டவற்றிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாட்டின் பெயர் நெதர்லாந்து. அதன் மேற்குக் கரையோரப் பகுதிக்குத்தான் ஹாலந்து என்று பெயர். நாம் முழு நாட்டையும் ஹாலந்து என்று அழைத்துப் பழகிவிட்டோம். நான் சென்ற வழி உண்மையிலேயே ஹாலந்தைச் சேர்ந்தது என்பதால், இன்று அந்தப் பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஹில்லெகொம், லிஸ்ஸெ, சாசன்ஹைம், நோர்ட்வைக் முதலிய ஊர்கள் அடங்கிய இந்த நிலப்பகுதியை அந்நாட்டார் தங்கள் மொழியில் 'கிழங்கு வட்டாரம்' என்று பொருள்படும் பெயரால் வழங்குகிறார்கள். உலகமெங்குமிருந்து மக்கள் வந்து மலர்களைக் காணும் இடத்திற்கு, அங்கே வாழ்கிறவர்கள் மலரின் பெயரை வைக்காமல் கிழங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதன் காரணம் எனக்குக் காலையில் தெரியாது, நண்பகலுக்குள் தெரிந்துவிட்டது.

முதலில் மிதிவண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டில் மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை மிகுதி. எனக்குக் கிடைத்தது கறுப்பு நிறத்தில், உயர்ந்த கைப்பிடியோடு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய மாதிரி வண்டி. கைப்பிடியில் பிரேக்கைத் தேடினேன், காணவில்லை. கடைப் பையன் சிரித்துக்கொண்டே, பெடலைப் பின்புறமாக மிதித்தால் வண்டி நிற்கும் என்றான். கேட்டுக்கொண்டேன், ஆனால் கால் கேட்டுக்கொள்ளவில்லை. சிறுவயது முதல் சும்மா உருண்டு செல்லும்போதெல்லாம் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி விளையாடுவது என் வழக்கம். முதல் தெருமுனையிலேயே அவ்வாறு சுழற்றினேன். வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது, நான் நிற்கவில்லை. பின்னால் வந்த அம்மையார் ஒருவர் தம் வண்டியைச் சற்றே ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் மணியடித்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் அந்தப் பின்மிதி என்னை நான்கு முறை ஏமாற்றியது.

மற்றபடி மிதிவண்டிக்காரருக்கு அது சொர்க்கம். கார்களின் சாலைக்கு அருகே செந்நிறத் தார் பூசிய தனிப்பாதை செல்கிறது. பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். காலையில் புறப்படும் முன் வரைபடத்தைப் பார்த்து, எந்த எந்த எண்களின் வழியாகச் செல்ல வேண்டுமோ அவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு சந்தியிலும் அடுத்த எண்ணுக்கு வழிகாட்டும் பச்சை அம்பு இருக்கும். மொழி தெரியாதவரும் வழி தவறுவது அரிது. நிலமோ தட்டையானது. மேடு இல்லாத அந்நாட்டில் மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. தென்மேற்கிலிருந்து கடற்காற்று வீச, நானும் தெற்கு நோக்கியே சென்றமையால், மலையேறுகிறவனைப்போல் குனிந்து மிதிக்க வேண்டியிருந்தது.

ஹார்லெமை விட்டு நீங்கிச் சிறிது தூரத்தில், பெருமரங்களின் நிழலில் ஹார்ட்டெகாம்ப் என்னும் பழைய மாளிகை இருக்கிறது. செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயரிடும் முறையை உலகுக்கு அளித்த லின்னேயஸ், இருபத்தெட்டு வயது இளைஞராக 1735-இல் இங்கே வந்து சேர்ந்தார். ஜார்ஜ் கிளிஃபர்ட் என்னும் செல்வர் தம் தோட்டத்தையும் நூலகத்தையும் அவரிடம் ஒப்படைத்திருந்தார். அத்தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் லின்னேயஸ் வெற்றிகரமாகப் பூக்கச் செய்தது எந்தச் செடியை என்று நேயர்கள் நினைக்கிறீர்கள்? வாழையை! வெப்பத்தையும் நீரையும் அளந்து கொடுத்து, குளிர்நாட்டில் வாழை குலை தள்ளியதை அவர் பெரும் வெற்றியாகக் கருதி, 1736-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார். நம் வீட்டுக் கொல்லையில் சாக்கடை ஓரத்தில் கேட்பாரற்று நிற்கும் வாழைக்கு அந்நாளில் கிடைத்த மரியாதையை எண்ணி, அங்கே சிறிது நேரம் வண்டியை விட்டு இறங்கி நின்றேன்.

பெனப்ரூக்கைக் கடந்ததும் மரங்கள் விலகின. கண்முன்னே வயல்கள் விரிந்தன. பச்சை வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூத்திருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அந்தக் காட்சி முதலில் நம்பத்தக்கதாக இல்லை. சாயப்பட்டறைக்காரன் நனைந்த துணிகளை வரிசையாக வெயிலில் விரித்தாற்போல், செந்நிறப் பட்டை ஒன்று, அதையடுத்து மஞ்சள், பின்பு வெள்ளை, பின்பு கத்தரிப்பூ நிறம். ஒவ்வொரு பட்டையும் அளவுநூல் பிடித்தாற்போல் நேராகச் சென்று அடிவானத்தைத் தொடுகிறது. அவ்வாண்டு குளிர் நீடித்தமையால், வழக்கமாக அதற்குள் முடிந்திருக்க வேண்டிய ஹயசிந்த் மலர்கள் சில வயல்களில் இன்னும் எஞ்சியிருந்தன. டூலிப் மலருக்கு நிறமே செல்வம். மணம் பெரும்பாலும் இல்லை. ஹயசிந்த்துக்கு இரண்டும் உண்டு. அதன் வயலைக் காற்று கடந்து வரும்போது, கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினாலும் வயலின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மூக்கு சொல்லிவிடும். கண்ணை மூடி ஓட்டுமாறு நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. பாதையின் இரு புறமும் வாய்க்கால்.

அந்த மலர்கள் ஏன் குறிப்பாக அங்கே விளைகின்றன? அதற்குக் காரணம் மண்ணும் நீரும். கடலை ஒட்டிப் பழங்காலத்தில் அலைகள் ஒதுக்கிய மணல்மேடுகள் கரைக்கு இணையாக வரிசை வரிசையாக உண்டாயின. அந்த மணலை மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியெடுத்து, நகரங்களில் வீடு கட்டவும் சாலை போடவும் தோணிகளில் ஏற்றிச் சென்றார்கள். தோணி செல்வதற்காக வெட்டிய கால்வாய்களே இன்று வயல்களைச் சூழ்ந்து நிற்கின்றன. மேடுகளை வெட்டி நிரவிய நிலத்தில், நீர் எளிதில் வடியும், சுண்ணாம்புச் சத்துள்ள மணல் எஞ்சியது. கிழங்குப் பயிருக்கு வேர் நனைய வேண்டும். கிழங்கு நனையலாகாது, அழுகிவிடும். அங்கே நிலத்தடி நீரை மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஏறாமலும் இறங்காமலும் நிறுத்தி வைக்கிறார்கள். வாய்க்கால்களும் இறைப்பொறிகளும் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை அது. அடியில் நிற்கும் அந்த நீர், மணலின் நுண்துளைகள் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி வேருக்கு எட்டுகிறது.

நீரை அடக்கும் இந்தக் கலையின் அளவைக் காண, ஹில்லெகொமுக்குக் கிழக்கே ஒரு பாலத்தைக் கடந்து, வட்டக்கால்வாயின் மறுகரையில் ஏறிச் சிறிது தூரம் ஓட்டினேன். வலப்புறம் கால்வாயில் படகுகள் செல்கின்றன. இடப்புறம் நிலம் பல அடி தாழ்ந்து கிடக்கிறது. படகின் அடிப்பாகத்திற்கும் கீழே வீட்டுக் கூரைகள்! அந்தத் தாழ்நிலம் ஒரு காலத்தில் ஹார்லெம் ஏரியாக இருந்தது. புயல் வீசும்போதெல்லாம் கரையை அரித்து ஊர்களை விழுங்கி வந்த ஏரி அது. 1849 முதல் 1852 வரை மூன்று பெரிய நீராவிப் பொறிகளை இடைவிடாது ஓட்டி அதை வற்றச் செய்தார்கள். அவற்றுள் ஒன்றான குருக்கியுஸ் பொறிநிலையத்தை இன்றும் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறார்கள். என்னை ஏற்றிவந்த விமானம் இறங்கிய ஸ்கிபோல் நிலையமும் அந்த ஏரியின் அடித்தரையில்தான் இருக்கிறது. இரண்டு நாட்களுக்கு முன் ஓர் ஏரியின் அடியில் வந்து இறங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மீண்டும் பாலம் கடந்து வயல்வழியே வந்தேன். லிஸ்ஸெயை நெருங்கும்போது, செக்கச்செவேலென்று பூத்து நின்ற ஒரு டூலிப் வயலைக் கண்டு மெதுவாக ஓட்டினேன். வயலின் மறுகோடியில் ஒரு பொறி வந்துகொண்டிருந்தது. உயரமான சக்கரங்களின்மேல் பாத்திகளைத் தாண்டி அது மெல்ல நகர்ந்தது. அதற்கு முன்னால் சிவப்பு. அது கடந்த பின் வெறும் பச்சை. சற்று நெருங்கிப் பார்த்தேன். பொறி மலர்களின் தலைகளைக் கொய்துகொண்டு வந்தது. ஒரு கூடைக்குக்கூட அவை போகவில்லை. பாத்திகளுக்கு இடையே உள்ள மண்ணில் இதழ்கள் சிவப்புச் சேறாகக் குவிந்தன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு கலங்கியது. ஒரு முழப் பூவுக்கு விலை பேசி வாங்கித் தலையில் சூடும் நாட்டில் பிறந்தவன் நான். பூவைக் காலால் மிதிக்கலாகாது என்று சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவன். ஏக்கர் கணக்கில் அன்றலர்ந்த பூக்களை மண்ணில் வீழ்த்துவதைக் கண்டு வாளாவிருக்க முடியவில்லை. வண்டியைச் சாய்த்துவிட்டு, வரப்பில் நின்றிருந்த உழவரிடம் சென்று, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் அவரை இதே கேள்வி கேட்பார்கள்போலும். "பூ எங்கள் பயிர் இல்லையே! எங்கள் பயிர் மண்ணுக்குள் இருக்கிறது" என்றார்.

அவர் சொல்லியதையும் பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டூலிப் வெங்காயத்தைப் போன்ற கிழங்கிலிருந்து வளர்வது. இலையுதிர் காலத்தில், குளிர் வரும் முன்னரே அதை நடுகிறார்கள். சில பயிர்களை உறைபனியிலிருந்து காக்க வைக்கோலால் மூடுகிறார்கள். பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் கிழங்கினுள் உறங்கும் பூமொட்டு விழித்தெழும். இளவேனிலில் பூக்கும்போது, நட்ட தாய்க்கிழங்கு தன்னிடமிருந்த உணவையெல்லாம் கொடுத்து வற்றிவிடும். அதன் இடத்தில் புதிய சேய்க்கிழங்குகள் பிறக்கும். ஓர் ஆண்டு நட்ட கிழங்கை அடுத்த ஆண்டு யாரும் தோண்டியெடுக்க முடியாது. தோண்டுவது அதன் பிள்ளைகளைத்தான். அந்தப் பிள்ளைகள் பருக்க வேண்டுமானால், பூத்த பிறகு ஆறு எட்டு வாரம் இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு முழுதும் அவற்றுக்கே இறங்க வேண்டும். பூவைச் செடியிலேயே விட்டுவிட்டால் அது விதை முற்றச் செய்வதில் அந்த உணவைச் செலவிட்டுவிடும். விதையால் உழவருக்குப் பயனில்லை. விதையிலிருந்து வளரும் டூலிப் பூப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும், தாயின் நிறமும் வாய்க்காது. அன்றியும் உதிர்ந்த இதழ்கள் இலைமேல் ஒட்டிக்கொண்டு அழுகினால் பூஞ்சை நோய் பற்றும். ஆகவேதான் தலையைக் கொய்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்கைத் தோண்டி, உரித்து, அளவு பிரித்து, பெரியவற்றை விற்பார்கள். சிறியவற்றைத் திரும்ப நடுவார்கள். கடைகளில் விற்கும் கொய்ம்மலர்களைப் பெரும்பாலும் கண்ணாடிக் கூடங்களில் தனியாக வளர்க்கிறார்கள். வயலில் நாம் காணும் அந்த நிறப்பெருக்கு உழவரின் கணக்கில் ஏறாத வரவு.

"அப்படியானால் மொட்டிலேயே கிள்ளிவிடலாமே, ஏன் பூக்கவிடுகிறீர்கள்?" என்று நான் விடாது கேட்டேன். அதற்கும் விடை இருந்தது. பூவின் முகத்தைப் பார்த்தால்தான் செடிக்கு நோய் உண்டா என்று தெரியும். பூத்த சில நாட்கள், பழகிய கண்ணுடைய ஆட்கள் பாத்தி பாத்தியாகச் சென்று ஒவ்வொரு செடியையும் உற்று நோக்குவார்கள். ஒரே நிறமாக இருக்க வேண்டிய இதழில் கீற்றோ தீற்றலோ கண்டால் அந்தச் செடியைக் கிழங்கோடு அகற்றிவிடுவார்கள். 'நோய் தேடுதல்' என்றே அந்த வேலைக்குப் பெயர். இப்போது ஒளிப்படக் கருவி பொருத்திய தானியங்கிப் பொறிகளும் அந்த வேலைக்கு வந்திருக்கின்றன. மனிதக் கண்ணுக்கு அவை ஈடாகுமா என்று கேட்டபோது, அந்த உழவர் தோளைக் குலுக்கினாரே தவிர விடை சொல்லவில்லை.

அந்தக் கீற்றுக்குப் பின்னால் ஒரு பெருங்கதை இருக்கிறது. டூலிப் ஐரோப்பாவுக்கு உரிய மலரன்று. துருக்கியரின் தோட்டங்களிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் அங்கே சென்றது. தலைப்பாகையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லை ஐரோப்பியர் பூவின் பெயராக மாற்றிக்கொண்டார்கள். துருக்கியரோ அதை 'லாலே' என்றே அழைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்துச் செல்வர்கள் மிகவும் விரும்பியது, வெண்ணிற இதழில் தீச்சுடர்போல் சிவந்த கீற்றோடிய வகைகளைத்தான். அவற்றுள் புகழ்பெற்ற செம்பெர் அகுஸ்டுஸ் என்னும் ஒரு கிழங்குக்கு, ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் ஓரத்து நல்ல வீடு ஒன்றின் விலையைக் கேட்டார்களாம். எந்தக் கிழங்கு எந்த ஆண்டு கீற்றுப்பூப் பூக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் சூதாட்டம் புகுந்தது. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கை, கண்ணால் காணாமலே சீட்டெழுதி விற்றார்கள். சீட்டு கைமாறக் கைமாற விலை ஏறிற்று. 1637 பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஹார்லெம் நகரத்து ஏலத்தில் வாங்குவோர் வாய் திறக்கவில்லை. அன்றோடு அந்த விலைகள் சரிந்தன. நாடே திவாலாயிற்று என்று பின்வந்தோர் மிகைப்படுத்தி எழுதினார்கள். ஆனி கோல்ட்கர் என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட நூலில், அவ்வாறு அழிந்தவர்களைத் தேடியும் காண்பது அரிதாக இருந்தது என்று காட்டியிருக்கிறார்.

அந்தக் கீற்றுக்குக் காரணம் ஒரு நோய் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1928-இல் டோரத்தி கேலி என்னும் ஆங்கிலப் பெண் விஞ்ஞானி, கீற்றுப்பூக் கிழங்கின் துண்டை நல்ல கிழங்கோடு ஒட்டவைத்து, கீற்று தொற்றிப் பரவுவதைச் சோதனையால் நிறுவினார். அசுவினிப் பூச்சி சுமந்து திரியும் வைரஸ் அது. நோயுற்ற கிழங்கு ஆண்டுக்காண்டு இளைத்துப்போகும். ஆகவே வீட்டின் விலை பெற்ற அழகு, உண்மையில் சாகத் தொடங்கிய செடியின் அழகு. அந்நாளில் பொன்போல் பொத்திய பூவை இந்நாளில் கண்டால் பிடுங்கி எறிகிறார்கள்.

அசுவினியையும் பூஞ்சையையும் புழுவையும் அடக்க இவ்வயல்களில் மருந்து தெளிப்பது உண்டு. சில நிலங்களை அறுவடைக்குப் பின் வாரக்கணக்கில் நீரில் மூழ்கடித்து வைத்துப் புழுவைக் கொல்கிறார்கள். அது நல்ல முறை. மருந்தைப் பற்றித்தான் வயலுக்கு அருகே குடியிருப்போர் அஞ்சுகிறார்கள். வழக்கும் வாதமும் நடக்கின்றன. வாய்க்கால் நீரில் ஒரு நாரை தவளைக்காகத் தவம் செய்துகொண்டிருந்தது. உண்பதற்கு அல்லாத பயிருக்கு இத்தனை மருந்து வேண்டுமா என்று கேட்பவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. உழவரிடம் அதையும் கேட்டிருக்கலாம். விருந்தாளிக்கு அது அழகன்று என்று விட்டுவிட்டேன். விட்டது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

கொய்ககன்ஹோஃப் பூங்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேயர்கள் குறைப்படுவீர்கள். 1949-இல் நிறுவி, 1950 முதல் மக்களுக்குத் திறந்துவிட்ட பூங்கா அது. 32 ஹெக்டேர் பரப்பு. ஆண்டுதோறும் ஏறக்குறைய எழுபது லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். இளவேனிலில் எட்டு வாரம் மட்டுமே திறந்திருக்கும். அழகுதான். ஆனால் கூட்டமும் அதற்கேற்ப இருந்தது. திருவிழாத் தேர்த்தெருவில் தள்ளப்படுவதுபோல் ஒரு மணி நேரம் தள்ளப்பட்டு, வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டேன். பூங்காவைச் சுற்றியுள்ள வயல்களின் ஓரத்தில் கயிறு கட்டி, பூக்களுக்கிடையே இறங்க வேண்டாம் என்று பல மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொள்வதற்காகப் பாத்திக்குள் இறங்குவோர் கிழங்கை மிதித்துவிடுகிறார்கள். பூவைக் கொய்தால் உழவருக்கு நட்டமில்லை, கிழங்கை மிதித்தால் நட்டம் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? காலையில் நானும்தான் அறியேன்.

சாலையோரத்தில் ஒரு சிறுமி ஹயசிந்த் பூக்களைக் கோத்த மாலைகளை விற்றாள். தொடுத்த பூவைக் கண்டதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. வாங்கி வண்டியின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டேன்.

சாசன்ஹைமுக்குச் சற்று முன்பு, வயலை நோக்கிய ஒரு பலகையில் அமர்ந்து ரொட்டியைப் பிரித்தேன். பலகையின் மறுகோடியில் ஒரு முதியவர் இருந்தார். எண்பத்தைந்து வயதாவது இருக்கும். அவருடைய மிதிவண்டி பக்கத்தில் நின்றது. அந்நாட்டு மக்கள் பலரைப்போல் அவரும் ஆங்கிலம் தெளிவாகப் பேசினார். எந்த ஊர், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார். ஹார்லெமிலிருந்து மிதிவண்டியில் வந்தேன் என்றதும், "என் தாயாரும் ஒருமுறை ஹார்லெமிலிருந்து இந்த வழியாகத்தான் வந்தார்" என்றார்.

அது 1944-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம். செப்டம்பரில் நெதர்லாந்து ரயில் தொழிலாளர்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழிவாங்க, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஆக்கிரமிப்பாளர் தடுத்தார்கள். தடை தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்துபோயிருந்தன. நிலக்கரியும் இல்லை. அந்தப் பட்டினிக் குளிர்காலத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. நகரத்துப் பெண்கள் மிதிவண்டியில் ஏறி, கையிலுள்ள துணிமணிகளைக் கொடுத்து உணவு பெறக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். போரினால் ஏற்றுமதி நின்று, டூலிப் கிழங்குகள் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்தன. அவற்றை உண்ணலாம் என்று அறிவித்து, சமைக்கும் முறையையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். மேல்தோலை உரித்து, கிழங்கைப் பிளந்து, நடுவிலுள்ள மஞ்சள் முளையைத் தவறாமல் எடுத்தெறிய வேண்டும், அது நஞ்சு. டாஃபடில், ஹயசிந்த் கிழங்குகளையோ தொடவே கூடாது.

முதியவருக்கு அப்போது ஏழு வயது. "எங்கள் வண்டிக்கு ரப்பர் டயர் இல்லை. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றியிருந்தார் அம்மா. படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு காலையில் போனார். இருட்டிய பிறகு ஒரு சாக்குக் கிழங்கோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார், குழாய் வழியிலேயே அறுந்துவிட்டது" என்றார். அதை வேகவைத்து மசித்து உண்டார்களாம். சற்றே இனிக்கும்; பிறகு தொண்டை எரியும். முளையை எடுப்பது அவருடைய வேலை. ஒவ்வொரு கிழங்கையும் தாயார் திரும்ப வாங்கிப் பார்த்த பிறகே சட்டியில் போடுவார். "என் தங்கைக்கு அதையும் விழுங்க முடியவில்லை" என்று சொல்லி நிறுத்தினார். நான் மேலே கேட்கவில்லை. 1945 ஏப்ரல் 29 முதல் நேச நாட்டு விமானங்கள் தாழப் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. லெய்டனுக்கு அருகேயுள்ள வால்கன்புர்க் விமானத்திடலிலும் அவை விழுந்தன. அந்த விமானங்களின் ஒலியைத் தம்மால் இன்னும் கேட்க முடிகிறது என்றார்.

எங்களுக்கு எதிரே இருந்த மஞ்சள் வயலிலும் அப்போது கொய்யும் பொறி இறங்கிற்று. அவர் அதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் அங்கே வருவது வழக்கமா என்று கேட்டேன். வழக்கந்தான் என்றார். "மற்றவர்கள் பூ இருக்கும்போது வருகிறார்கள். நான் கொய்கிற நாளில் வருகிறேன், கூட்டம் இருக்காது." நான் கொடுத்த ரொட்டித் துண்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, கீழே சிந்திய துணுக்கையும் பொறுக்கி வாயிலிட்டுக்கொண்டார்.

அதன்பின் லெய்டன் வரையில் நான் எங்கும் இறங்கவில்லை. காற்று தணிந்திருந்தது. லெய்டன் என்ற பெயர் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால், லெய்டன் செப்பேடுகள் என்றே அவற்றை வரலாற்று நூல்களில் படித்திருக்கிறோம். 1590-இல் அமைந்த அப்பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்கு 1593-இல் வந்து பொறுப்பேற்ற கிளூசியுஸ் என்னும் முதுபெரும் தாவர அறிஞர், தம்மோடு டூலிப் கிழங்குகளைக் கொண்டுவந்தார். அவை 1594 இளவேனிலில் அங்கே பூத்தன. அவர் கிழங்குகளை எளிதில் யாருக்கும் கொடுக்கமாட்டார் என்றும், பொறுமையிழந்தவர்கள் இரவில் வேலியேறித் திருடிச் சென்றார்கள் என்றும், ஹாலந்தின் கிழங்கு வாணிகம் அந்தத் திருட்டில் தொடங்கியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவருடைய தோட்டத்தை இப்போது பழைய முறைப்படியே சிறு சிறு பாத்திகளாகத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். ஒரு பாத்தியில் எண்ணிப் பத்துப் பூக்கள்கூட இல்லை. பகல் முழுவதும் கோடிக்கணக்கில் பார்த்து வந்த கண்ணுக்கு, அந்தச் சிலவற்றைத் தனித்தனியே பார்க்க ஓய்வு கிடைத்தது.

தோட்டத்தருகே இருந்த கடையில் கிழங்கு கேட்டேன். கடைக்காரர் நகைத்து, இப்போது எப்படிக் கிடைக்கும், எல்லாம் மண்ணுக்குள் அல்லவா இருக்கின்றன, பெயர் எழுதிக் கொடுத்தால் இலையுதிர் காலத்தில் அனுப்புவோம் என்றார். எங்கள் ஊரில் குளிரே இல்லையே என்றேன். குளிர்ப்பெட்டியில் பதினான்கு வாரம் வைத்துப் பின் நடலாம். ஆனால் அதே பெட்டியில் பழங்களை வைக்கலாகாது, பழத்திலிருந்து வெளிப்படும் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும் என்று எச்சரித்தார். என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பதினான்கு வாரம் பழம் வைக்காதிருக்க வீட்டார் இசைவார்களா என்று எண்ணிப் பார்த்து, பெயர் எழுதாமல் வந்துவிட்டேன்.

மாலையில் மிதிவண்டியோடு ரயில் ஏறினேன். வண்டிக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். சூரியன் மறைய இன்னும் நேரம் இருந்தது. சன்னலுக்கு வெளியே நிறப்பட்டைகள் ஓடின; இடையிடையே கொய்து முடித்த பச்சைப் பட்டைகளும் ஓடின. காலையில் நான் கவனித்தது நிறத்தை மட்டுமே. மாலையில் பச்சையையும் எண்ணிக்கொண்டு வந்தேன். ஹார்லெமில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, கைப்பிடியில் வாடியிருந்த மாலையைக் கழற்ற மறந்துவிட்டேன். கடைப் பையன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிரேக் சரியாக வேலை செய்ததா என்று கேட்டான். வேண்டிய அளவுக்கு மேலாகவே செய்தது என்றேன்.